இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் கார் கிளம்புவதில்லை: பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

காவிரிக்கரை (கும்பகோணம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் சிறிய பெட்ரோல் கார். அதில் 35 ஆம்பியர் மணி பேட்டரி பொருத்தப்பட்டுள்ளது. நான் பள்ளி ஆசிரியன். பள்ளிக்கு இருசக்கர வண்டியில் சென்றுவிடுவதால், வாரத்துக்கு இரண்டு முறை என் தாயாரைப் பிசியோதெரபிக்காகத் தஞ்சாவூருக்கு அழைத்துச் செல்வதற்குத்தான் காரை எடுக்கிறேன். கடந்த மூன்று மாதங்களாக, இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுழல்கிறது. சில நாட்களில் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடுகிறது. போன வாரம் தாயாரை வண்டியில் உட்கார வைத்த பிறகு இப்படி ஆனது. தெருவில் இருந்தவர்கள் தள்ளிக் கொடுத்துத்தான் கிளம்பினோம்.

பேட்டரி வாங்கி 14 மாதங்களே ஆகின்றன. அதற்கு முந்தையதும் இரண்டு ஆண்டு முழுமையாக உழைக்கவில்லை. பேட்டரிக் கடையில் செல் பலவீனமாக இருப்பதாகவும் புதியது போடலாம் என்றும் சொன்னார்கள். பழுது பார்க்கும் இடத்திலோ, என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே முழுதாக மாற்ற வேண்டும், 11,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இரண்டு பேரும் வண்டியில் எதையும் அளந்து காட்டவில்லை. தவறான பொருளை வாங்கிப் பணத்தை இழக்க எனக்கு வசதி இல்லை. எது பழுது என்பதை நானே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

நெடுஞ்சாலை (மதுரை):

வணக்கம் ஐயா. வழி உண்டு. மின்பொருள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்துக்கொண்டு நான்கு அளவுகளை எடுத்து இங்கே எழுதுங்கள்.

முதலாவது, இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம் என்று கொள்ளலாம். நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட்டை ஒட்டியே நின்றால், ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட பேட்டரிக்கு மேற்கொண்டு செலவு செய்வது வீண். வண்டியை ஓட்டி நிறுத்திய கையோடு அளக்காதீர்கள். அப்போது தட்டுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் மின்னூட்டம், சோர்ந்த பேட்டரியையும் நல்லதுபோல் காட்டிவிடும்.

இரண்டாவது, ஒருவர் சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனைகளில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்பது. நல்ல பேட்டரி 9.6க்குக் கீழே போகக் கூடாது. மூன்றாவது, என்ஜின் ஓடும்போது எல்லா விளக்குகளையும் அணைத்த நிலையில் உள்ள அளவு; நான்காவது, ஹெட்லைட், ஏ.சி. புளோயர், பின்கண்ணாடி ஹீட்டர் ஆகிய அனைத்தையும் போட்டு, என்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு மேல் வைத்து எடுக்கும் அளவு. உங்கள் காலத்து வண்டிகளில் இவை இரண்டும் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அண்மைக்காலத்து வண்டிகள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினியே ஆல்டர்னேட்டரை அவ்வப்போது தணித்து வைக்கும் என்பதால், இந்தக் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

சாவியை ஆன் செய்ததும் டாஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காவிரிக்கரை:

மிக்க நன்றி. அயலார் ஒருவரிடம் மீட்டரை இரவல் வாங்கி அளந்தேன். காலையில் 12.14. சாவியைத் திருப்பும்போது 10.8 வரை இறங்கியது. ஆனாலும் என்ஜின் சோர்வாகத்தான் சுழன்றது. ஓடும்போது எதுவும் போடாமல் 13.6, எல்லாவற்றையும் போட்டதும் 12.9. சிவப்பு விளக்கு சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் ஓடியதும் முறையாக அணைந்துவிடுகிறது. 12.9 என்பதைப் பார்த்தால் ஆல்டர்னேட்டர்தான் பழுது என்று தோன்றுகிறது. சரிதானா?

பழைய டீசல் வண்டி (சேலம்):

ஐயா, நான் 30 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிப் பாருங்கள். வண்டி நின்றுவிட்டால் டைனமோ (ஆல்டர்னேட்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போய்விட்டது. ஓடிக்கொண்டே இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. மீட்டர் இல்லாமலே இதை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம்.

வயரிங்காரர் (கோவை):

ஆசிரியர் ஐயாவுக்கும் சேலத்துப் பெரியவருக்கும் வணக்கம். 18 ஆண்டுகளாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன்.

பெரியவரின் அனுபவத்தை மதிக்கிறேன். கணினி இல்லாத அந்தக் காலத்து வண்டிகளில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த வண்டியில் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் துண்டித்தால், அதைத் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லாமல் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணம் ஆல்டர்னேட்டரின் டையோடுகளுக்கோ என்ஜின் கணினிக்கோ முடிவாகிவிடலாம். கணினி போனால் செலவு ஆல்டர்னேட்டரின் விலையையும் தாண்டிவிடும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருகிறேன். 12.9 என்பதைப் பார்த்ததும் ஆல்டர்னேட்டர்மீது பழி சுமத்தத் தோன்றும். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 10.8. பேட்டரி செத்திருந்தால், செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது அதன் முனைகளிலேயே வோல்ட் 9க்கும் கீழே விழுந்திருக்கும். உங்களுடையது பாதிச் சார்ஜில் இருந்தும் 10.8இல் தாங்கி நிற்கிறது. என்ஜினோ சோர்ந்து சுழல்கிறது. பேட்டரியிடம் கொடுக்க இருக்கிறது, ஆனால் அது மோட்டாரைச் சென்றடையவில்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் மின்சாரம் பேட்டரிக்கு வருவதும் பெரும்பாலும் அதே வழியில்தான் என்பதால், ஒரே தடை இரண்டு தொல்லைகளையும் தரக்கூடும்.

இதை உறுதி செய்ய, என்ஜினை 1,500 முதல் 2,000 சுற்றில் வைத்து, விளக்குகளையும் புளோயரையும் போட்டுவிட்டு மூன்று இடங்களில் அளக்க வேண்டும். சட்டைக் கையையும் மீட்டர் வயரையும் ஃபேன் பெல்ட்டுக்கு அருகே போகவிடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் எந்த நேரத்திலும் தானாகச் சுழலத் தொடங்கும்.

அ. ஆல்டர்னேட்டரின் பின்புறம் தடித்த வயர் வந்து சேரும் முனைக்கும் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் இடையே. இது ஆல்டர்னேட்டர் உண்மையில் உற்பத்தி செய்யும் வோல்ட்.
ஆ. அதே தடித்த வயர் முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே. 0.3க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் வழியில் தடை.
இ. என்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே. 0.2க்கு மேல் இருந்தால் எர்த் வழியில், அதாவது நெகட்டிவ் பக்கத்தில், தடை.

மீட்டர் ஊசியைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள். அதன்மேல் மாட்டியிருக்கும் டெர்மினலில் வைத்தால், குமிழுக்கும் டெர்மினலுக்கும் நடுவே இருக்கும் பூப்பு உங்களை ஏமாற்றிவிடும்.

அளவு (அ) 13.5க்குக் கீழே இருந்தால்தான் ஆல்டர்னேட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் 11,000 ரூபாய்க்கு அவசரப்படாதீர்கள். ஆல்டர்னேட்டரில் முதலில் தேய்வது கார்பன் பிரஷ். அடுத்துப் பழுதாவது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஐ.சி., டையோடு பிளேட், பேரிங் ஆகியவை. இந்த வண்டிகள் பலவற்றுக்கு இவை தனித்தனியே கிடைக்கின்றன. எங்களிடம் வரும் ஆல்டர்னேட்டர்களில் கணிசமானவை ஓராயிரம் முதல் 2,500 ரூபாய்க்குள் சரியாகிப் போகின்றன. டையோடு பழுதா என்று பார்க்க, ஓடும்போது மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளக்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கக் காசு ஆகாது.

தேனிச்சாரல் (தேனி):

வயரிங்காரர் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இரண்டே நாளில் பேட்டரி இறங்குகிறது என்றால், வண்டி உறங்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தை உண்டுகொண்டிருக்கலாம். என் வண்டியில் பின்னால் பொருத்திய பாட்டு சிஸ்டத்தின் ஆம்ப்ளிஃபையர் அணையாமல் இருந்ததால், இரண்டு பேட்டரிகளை இழந்த பிறகே இதைக் கற்றேன்.

வண்டியைப் பூட்டுவதற்கு ஏற்பக் கதவுத் தாழ்களை அழுத்தி, பானெட்டை மட்டும் திறந்து வைத்து, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் குமிழுக்கும் இடையே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்துப் பாருங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வண்டியின் கணினிகள் உறங்க அரை மணி நேரம் பொறுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணிதான். அதற்கு மேல் இருந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறது என்று பாருங்கள். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் வண்டியாக இருந்தால், கழற்றும் முன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதிலேயே கழிந்தன.

வயரிங்காரர் சொன்ன மூன்று அளவுகள்: (அ) 14.1, (ஆ) 0.2, (இ) 1.0. ஆல்டர்னேட்டர் 14.1 தருகிறது; அதில் ஒரு வோல்ட் எர்த் வழியிலேயே தொலைந்து, பேட்டரிக்கு 12.9தான் வந்துசேர்கிறது. கூட்டிப் பார்த்தபோது கணக்கு அப்படியே பொருந்தியது. பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். போல்ட் உட்காரும் இடம் துருவேறியிருந்தது. வயரின் மேலுறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. வெளியிலிருந்து பார்த்தவரை அந்த வயரில் எந்தக் குறையும் தெரியவில்லை. லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அழுத்திய புதிய வயர் 320 ரூபாய். உப்புத்தாளால் உலோகம் வெளுக்கும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசினேன். பேட்டரி டெர்மினல்களில் படிந்திருந்த வெள்ளைப் பூப்பை, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் கழுவினேன். இப்போது (இ) 0.08, எல்லாவற்றையும் போட்ட நிலையிலும் பேட்டரியில் 13.9 காட்டுகிறது.

தேனிச் சகோதரி சொன்ன சோதனையில் 190 மில்லி ஆம்பியர் வந்தது. இரண்டு நாளுக்குக் கணக்கிட்டால் 9 ஆம்பியர் மணிக்கு மேல் ஆகிறது. பாதிச் சார்ஜில் இருந்த பேட்டரிக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. போன ஆண்டு பொருத்திய டாஷ் கேமரா எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் கோக்கப்பட்டிருந்தது. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றியதும் 30 மில்லி ஆம்பியராக இறங்கியது.

பேட்டரியைக் கழற்றி, வேறொரு கடையில் மெதுவாக 10 மணி நேரம் சார்ஜ் ஏற்றச் சொன்னேன். 150 ரூபாய் வாங்கினார்கள். மூடிகளைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தபோது ஐந்து செல்கள் 1.260ஐ ஒட்டியும் ஒரு செல் 1.240 ஆகவும் இருந்தன. அந்த ஒன்றுக்குக் கொஞ்சம் ஆசிட் ஊற்றலாம் என்கிறார்கள். ஊற்றலாமா? மூன்று நாள் நிறுத்தியபின் இன்று காலை 12.55 காட்டியது, சாவியைத் திருப்பிய உடனே என்ஜின் பிடித்துக்கொண்டது.

வயரிங்காரர்:

மிக்க மகிழ்ச்சி ஐயா. ஆசிட் ஊற்ற வேண்டாம். செல்லிலிருந்து ஆவியாகிப் போவது தண்ணீர்தான்; ஆசிட் அங்கேயேதான் இருக்கிறது. மேலும் ஆசிட் சேர்த்தால் எண் உயர்வதுபோல் தெரியும், தட்டுகளோ விரைவில் அரிக்கப்படும். தட்டுகளுக்கு மேல் நீர் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடுங்கள். குழாய் நீரோ ஆர்.ஓ. நீரோ கூடாது.

செல்களுக்கு இடையே 0.050 வேறுபாடு வந்தால்தான் அந்தச் செல் கெட்டது என்று நாங்கள் முடிவு செய்வோம். உங்களுக்கு 0.020தான். நீண்ட நாள் அரைச் சார்ஜில் கிடந்ததால் அந்தச் செல்லின் தட்டுகளில் சல்பேட் படிந்திருக்கலாம்; முந்தைய பேட்டரி விரைவில் போனதற்கும் இதே வயர் காரணமாக இருந்திருக்கக்கூடும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு மறுபடி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். வேறுபாடு கூடியிருந்தால், வாங்கிய ரசீதையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு பேட்டரி வாங்கிய கடைக்கே செல்லுங்கள். 14.1, 13.9 என்ற இந்த எண்களை எழுதியே கொடுத்துவிடுங்கள். வண்டியின் சார்ஜிங்தான் பழுது என்று சொல்லி உத்தரவாதத்தை மறுக்க அப்போது இடமிருக்காது.

ஆல்டர்னேட்டர் பிரஷ்ஷை மட்டும் அடுத்த சர்வீஸின்போது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டிக்கு வயதாகிவிட்டது, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம்.