ஏடு நின்ற இடத்தில் நாவல்: இரு வாசகர் அனுபவங்கள்

திருவல்லிக்கேணி வாசகர்:

ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’யைப் படித்து முடித்ததும், அதில் எது வரலாறு, எது புனைவு என்று பார்க்கும் ஆவலில் கன்னிமாரா நூலகத்துக்குப் போய்த் தாது வருடப் பஞ்சம் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். 1877இல் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் விதித்ததும், அது உடல் உழைப்புக்குப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டதும் அவற்றில் விரிவாகவே இருந்தன. அந்தக் கூலிக்கு மண் சுமந்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் அகப்படவில்லை. சென்னையில் இறக்குமதிப் பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸில் நாவலின் தொழிலாளர்கள் நடத்தும் வேலைநிறுத்தம் அந்த வெற்றிடத்தில்தான் எழுகிறது. வெள்ளையரின் இனத்திமிரும் நம்மவரின் சாதித்திமிரும் ஒன்றுக்கொன்று எப்படித் தோள் கொடுத்தன என்பதை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாக அங்கேதான் கண்டேன். எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாவற்றையும் ஏய்டன் என்ற ஐரிஷ் அதிகாரியின் கண் வழியாகவே பார்க்க வேண்டியிருப்பதால், சில இடங்களில் அவனுடைய மனசாட்சியின் வேதனை தொழிலாளரின் பசியை மறைத்துவிடுகிறது.

பெரம்பூர் வாசகர்:

எங்கள் வாசகர் வட்டத்தில் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலைப் பேசியபோது ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கடுமையாக மறுத்தார். நாவலுக்குத் தூண்டுதலாக இருந்தது ஓர் உண்மைச் சம்பவம். அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்த ஒஹையோ ஆற்றைக் கடந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னர், பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் தன் இரண்டு வயது மகளைக் கொன்றது 1856இல் நடந்த நிகழ்ச்சி. அவரைக் கொலைக் குற்றவாளியாக விசாரிப்பதா, தப்பியோடிய உடைமையாகத் திருப்பித் தருவதா என்று வழக்கு நடந்து, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமையாளரிடமே ஒப்படைத்தார்கள். நாவலின் நாயகி செதேயோ அடிமைத்தனத்துக்குத் திரும்புவதில்லை. இறந்த மகள்தான் அவளிடம் திரும்பி வருகிறாள். “முடிவையே மாற்றிவிட்டால் இதில் வரலாறு எங்கே இருக்கிறது, சார்?” என்று அவர் கேட்டார். மார்கரெட்டை உடைமையென்று தீர்ப்பளித்த சட்டத்துக்கு அவருடைய துக்கத்தைப் பதிவு செய்யும் தேவையே இருக்கவில்லை என்றேன். வீட்டுக்கு வரும் பேயை எவரும் சான்றாகக் கொள்ளப் போவதில்லை. இரக்கமுள்ள எஜமானைக் கற்பனையில் படைத்தால் பலரும் நம்பிவிடக்கூடும், அந்த வரலாற்று ஆசிரியர் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கற்பனையைத்தான். திருவல்லிக்கேணி நண்பர் ஏய்டனைப் பற்றிச் சொன்ன குறையையும் இதே காரணத்துக்காகப் பாதி ஏற்கிறேன். ஆனால், 1840களில் பஞ்சத்தில் மடிந்த அயர்லாந்திலிருந்து வந்தவன், அதே பேரரசுக்காக இங்கே சட்டம் ஒழுங்கு காக்கிறான் என்ற முரணை ஒரு சென்னைக்காரனின் கண் வழியாகச் சொல்லியிருக்க முடியுமா என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.