பூவுலுக்கி: கத்தரிப் பூவில் வேலை செய்யும் கருவண்டுக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

கருவண்டு என்பது மூங்கிலைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கரிய தேனீ. அது கத்தரிப் பூவைப் பிடித்து ஆட்டி மகரந்தத்தைக் கொட்டவைக்கிறது. ஆங்கிலத்தில் buzz pollination எனப்படும் இந்த வேலைக்கு நம் கலைச்சொல் உரையாடலில் இதுவரை இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன: ‘ரீங்கார மகரந்தச் சேர்க்கை’, ‘அதிர்வு மகரந்தச் சேர்க்கை’. முன்மொழிந்த ஐயா இருவர் மேலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இரண்டு பெயர்களையும் நான் ஏற்கவில்லை.

ஆந்திராவின் குப்பம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கத்தரியும் தக்காளியும் போடுகிறவன் நான். கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் ஒன்றுதான். அதுவும் மஞ்சள் நிற மகரந்தப்பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒவ்வொரு பையின் நுனியிலும் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருக்கின்றன. கருவண்டு வந்து பைகளைத் தாடையால் கவ்விக்கொண்டு, உடலை வளைத்துப் பூவை அணைத்துக்கொள்கிறது. சிறகை அடிக்காமலே, பறக்க உதவும் தசைகளை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை துடிக்கவைக்கிறது. துளைகள் வழியே மகரந்தம் அதன் வயிற்றின் மேல் கொட்டுகிறது. அதில் கொஞ்சம் சூல்முடியில் ஒட்டிக்கொள்கிறது. நீலப்பட்டைத் தேனீக்கும் இந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

‘ரீங்காரம்’ தவறு செய்யும் இடம் இதுதான். ரீங்காரம் எல்லாத் தேனீக்கும் உண்டு. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் கத்தரிக்காகவே தேனீப் பெட்டிகள் வாங்கி வைத்தார். “பூவெல்லாம் ஒரே ரீங்காரமாக இருக்கிறதே, காய் மட்டும் ஏன் கூடவில்லை?” என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. ‘ரீங்கார மகரந்தச் சேர்க்கை’ என்று நாமும் எழுதி வைத்தால் இன்னும் பத்துப் பேர் அதே பெட்டியை வாங்குவார்கள்.

இதை ஒருமுறை சோதித்தும் பார்த்தேன். பள்ளி ஆய்வகத்தில் இருந்து ஓர் இசைக்கவையை (தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவை, tuning fork) வாங்கி வந்து, தட்டி, விரிந்த கத்தரிப் பூவின் அருகே பிடித்தேன். ஒலி நன்றாகக் கேட்டது, ஒன்றும் உதிரவில்லை. மறுபடி தட்டி மகரந்தப்பைகளில் தொடவைத்தேன். கீழே பிடித்திருந்த கறுப்புத் தாளில் மஞ்சள் தூள் கொட்டியது. பூவைத் திறப்பது ஒலி அல்ல, பற்றி ஆட்டுவதுதான். நீங்களும் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

‘அதிர்வு’ உண்மைக்கு இதைவிடக் கிட்டே வருகிறது. ஆனால் அது தன்வினை. லாரி போனால் வீடு அதிர்கிறது. அதில் யாருடைய முனைப்பும் இல்லை. இங்கே ஓர் உயிர் வேண்டுமென்றே பூவைப் பிடித்து ஆட்டுகிறது. இலக்கணப்படி ‘அதிர்ப்பு’ என்று திருத்தலாம், ஆனால் அந்தச் சொல்லை வயலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் இந்தச் செயலுக்கு வேறொரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. புளிய மரத்தில் ஏறி, கிளையைப் பிடித்து, பழம் கொட்டும்படி ஆட்டுவதை ‘உலுக்குதல்’ என்கிறோம். பருவம் வந்தால் புளி உலுக்க ஆள் தேடி அலைகிறோம். பிடிப்பது, ஆட்டுவது, கொட்டுவது மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. கருவண்டு செய்வதும் அதே மூன்றைத்தான். ஆகவே என் முன்மொழிவு ‘உலுக்கு மகரந்தச் சேர்க்கை’. ‘சுடுசோறு’, ‘ஊறுகாய்’ போல இதுவும் வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது. உலுக்குதல் என்றால் மெதுவான, பெரிய ஆட்டம் என்று ஒருவர் மறுக்கக்கூடும். வேகத்தைச் சொல்ல ‘அதிர்வெண்’ இருக்கிறது. பெயரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமானது, அதைச் செய்யும் உயிரின் பெயர். கத்தரியின் பெரிய எதிரிக்கு அது செய்யும் வேலையை வைத்தே ‘காய்த்துளைப்பான்’ என்று பெயர் கொடுத்திருக்கிறோம்; குழந்தைக்கும் தெரியும். உதவுகிற உயிருக்கு நம்மிடம் இருப்பது ‘கருவண்டு’. அதே செடியின் இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டும் வண்டு. ‘வண்டுக்கு மருந்து அடி’ என்று கடையில் சொல்லும்போது இரண்டும் ஒரே கணக்கில் விழுந்துவிடுகின்றன. கருவண்டு மாட்டுக் கொட்டகையின் மூங்கிலைத் துளைத்துக் கூடு வைப்பதால் பெண்கள் துளையைச் சாணத்தால் அடைக்கிறார்கள். பிள்ளைகள் துடைப்பத்தால் அடிக்கிறார்கள். காய் கொடுக்கிறவளை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதே இல்லை.

மரங்கொத்தி, மீன்கொத்தி வரிசையில் அதை ‘பூவுலுக்கி’ என்று அழைக்கலாம். கருவண்டு, நீலப்பட்டைத் தேனீ இரண்டுமே பூவுலுக்கிகள். வளர்ப்புத் தேனீ பூவுலுக்கி அல்ல. இந்த ஒரு வரி என் பக்கத்துத் தோட்டக்காரரின் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

கருவண்டுக்கு ‘தும்பி’ என்ற பழைய பெயரையே மீட்கலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. அது எனக்கும் இனிக்கிறது. பழந்தமிழில் அது வண்டினத்தைக் குறித்தது. எங்கள் ஊர்த் தெலுங்குக்காரர்கள் இன்றும் கருவண்டைத் ‘தும்மெத’ என்கிறார்கள். ஆனால் இன்றைய தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தும்பி என்றால் தட்டான்.

கலைச்சொல்லை ஒரு துண்டறிக்கையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். “காலையில் பூவுலுக்கி வரும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள், கட்டாயம் அடிக்க வேண்டுமானால் சாயங்காலம் அடியுங்கள். வரப்பில் இரண்டு காய்ந்த மூங்கிலை விட்டுவையுங்கள்.” பக்கத்து வீட்டு அத்தையிடம் இதைப் படித்துக் காட்டினேன். பொருள் கேட்கவில்லை, “எங்கள் கொட்டகையில் இருப்பதா?” என்று மட்டும் கேட்டார்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கத்தரியில் உதிரும் எல்லாப் பூவுக்கும் பூவுலுக்கி இல்லாததே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. சூல்தண்டு குட்டையான பூக்கள் பெரும்பாலும் எப்படியும் உதிரும். தக்காளி காற்றிலும் காய்க்கும். உலுக்கினால் இன்னும் நன்றாகக் காய்க்கும். ஐரோப்பாவின் கண்ணாடிக் கூடங்களில் 1980களின் இறுதி வரை ஆட்கள் கையில் மின்கருவியோடு பூப்பூவாகத் தக்காளியை உலுக்கி வந்தார்கள். பிறகுதான் அந்த வேலைக்குப் பம்பிள்பீ (bumblebee) என்னும் பெருந்தேனீக்களை வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். அந்தக் கருவியை ‘பூவுலுக்கு கோல்’ என்று சொல்லலாமா?

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் காய்கறி போடும் நண்பர்கள் கருவண்டை என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பூவுலுக்கியைவிட நல்ல சொல் உங்கள் வயலில் இருந்தால் நான் இதை விட்டுவிடுகிறேன்.