அவசரம்: புதியவர்கள் ஒரு முறை வந்துவிட்டு மறுபடி வருவதே இல்லை, என்ன செய்யலாம்?

தரமணி_பெங்குயின் | வியாழன், இரவு 11.48

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் குழுவின் மாதக் கூட்டம். ஒவ்வொரு முறையும் புதுமுகங்கள் நாலைந்து பேர் வருகிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் ஒருவரையும் காணோம். எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், ஒன்றும் சரிப்படவில்லை. நாளைக்குள் போஸ்டர் போட வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேளச்சேரி_வாசி | வியாழன், இரவு 11.55

எந்தக் குழு? லினக்ஸா, பைத்தானா, வேறு ஏதாவதா? எந்த இடம், எத்தனை மணிக்கு? புதியவர்கள் என்றால் காலேஜ் பசங்களா, வேலைக்குப் போகிறவர்களா, ஓய்வு பெற்றவர்களா? "எல்லாம் செய்து பார்த்தோம்" என்றால் எதையெல்லாம்? உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் டாக்டர் எந்த மாத்திரையைத் தருவார்?

டீ_கிளாஸ் | வெள்ளி, நள்ளிரவு 12.20

கூட்டம் முடிந்ததும் டீ குடிக்கப் போவீர்களா? என் அனுபவத்தில் கூட்டத்தை விட, அப்புறம் டீக்கடையில் நிற்கும் அரை மணி நேரம்தான் ஆளைப் பிடித்து வைக்கும். பழையவர்கள் பேசிக்கொண்டே நடந்துவிடுவார்கள். புதிதாக வந்தவர் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விடுவார். "வாங்க, டீ சாப்பிடலாம்" என்று சொல்வதற்கென்றே ஓர் ஆளை நியமியுங்கள். வெங்காய பஜ்ஜி கூடுதல் பலம்.

கர்னல்_நாட்டாமை | வெள்ளி, காலை 6.10

வருடத்துக்கு இரண்டு முறை வரும் கேள்வி. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் இங்கேயே இல்லை, இதில் புதியவர்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறீர்கள்?

சென்னையில் 1998-ல் லினக்ஸ் பயனர் குழு தொடங்கிய காலத்தில் எங்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. டயல்-அப் இணைப்பில் ஒரு சிடி அளவுக் கோப்பை இறக்குவது நடக்கிற காரியமா? கணினிப் பத்திரிகையோடு வரும் சிடிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஆர்வம் இருப்பவன் தானாக வருவான். இல்லாதவனுக்கு பஜ்ஜி கொடுத்தால் பஜ்ஜிக்குத்தான் வருவான்.

தரமணி_பெங்குயின் | வெள்ளி, காலை 8.05

மன்னிக்கவும், தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். லினக்ஸ் குழு. வழக்கமாக வருகிறவர்கள் 12 பேர், எல்லோரும் ஐடி. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு நின்றதிலிருந்து வருகிற கூட்டம் மாறிவிட்டது. பழைய லேப்டாப், விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போடவும் மனமில்லை, "இதில் லினக்ஸ் போட்டுத் தருவீர்களா" என்று கேட்டு வருகிறார்கள். செய்து பார்த்தவை: வாட்ஸ்அப் குழு, ஸ்டிக்கர், பங்கேற்புச் சான்றிதழ்.

வேளச்சேரி_வாசி | வெள்ளி, காலை 8.12

சரி. கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கும்? இடம் எது என்று இன்னும் சொல்லவில்லை.

தரமணி_பெங்குயின் | வெள்ளி, காலை 8.30

3 மணிக்கு ஆரம்பம். முதலில் அறிமுகம். அப்புறம் கன்டெய்னர் நெட்வொர்க்கிங் பற்றி 75 நிமிட உரை. அடுத்து இபிபிஎஃப் பற்றி 45 நிமிடம். இரண்டுமே சர்வர் வேலை பார்ப்பவர்களுக்கான விஷயம். புதியவர்களின் சந்தேகங்கள் கடைசியில், நேரம் இருந்தால்.

டீ_கிளாஸ் | வெள்ளி, காலை 8.33

கல்யாண வீட்டில் வந்தவர்களை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "இலை மிச்சம் இருந்தால் சாப்பிடலாம்" என்று சொல்வது போல இருக்கிறது.

பழைய_மதர்போர்டு | வெள்ளி, காலை 10.40

தம்பி, நிரலை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், 1975 மார்ச் 5 அன்று, ஒருவர் வீட்டு கேரேஜில் ஹோம்பிரூ கணினி மன்றம் கூடியது. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் பிறகு ஆப்பிள் 1 கணினியைக் கொண்டுவந்து காட்டியது அந்த மன்றத்தில்தான். லீ ஃபெல்சன்ஸ்டீன் என்பவர் கூட்டங்களை நடத்தினார். முதல் பகுதியில், என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது தெரிய வேண்டும் என்று ஆளாளுக்குச் சபையில் சொல்வார்கள். அடுத்த பகுதியில் நாற்காலியை விட்டு எழுந்து, யாருக்கு யார் தேவையோ அவரைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். ஒருவருக்குத் தெரிந்ததும் இன்னொருவருக்குத் தேவையானதும் அந்த அரங்கிலேயே சந்தித்துக்கொள்ளும்.

முதல் ஒன்றரை மணி நேரத்தை அதற்குக் கொடுங்கள். கன்டெய்னர் ஓடிப் போகாது.

லேப்டாப்போடு வருகிறவர்களுக்கு போஸ்டரிலேயே இரண்டு வரி எழுதுங்கள். போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டு வரட்டும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி எடுத்து வரட்டும். அந்த 48 இலக்கம் கையில் இல்லாமல் பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பில்) கை வைத்தால், விண்டோஸ் திறக்காமல் அடம் பிடிக்கும். வந்தவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவார். சில பழைய லேப்டாப்களில் லினக்ஸ் ஏற்றியதும் வைஃபை வேலை செய்யாது. போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு (போனின் இணையத்தைப் பகிர்ந்து), அதன் வழியாக டிரைவரை இறக்கலாம். டேட்டா கேபிள் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளை வாங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கர்னல்_நாட்டாமை | வெள்ளி, காலை 11.02

அந்த கேரேஜில் கூடியவர்கள் சாலிடரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவர்கள். "வைஃபை வரவில்லை அண்ணா" என்பவரோடு அவர்களை ஒப்பிடுவது அநியாயம். இன்ஸ்டால் செய்து கொடுப்பதற்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறது. பயனர் குழு கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. கட்டளைகளை விளக்கும் மேனுவல் பக்கத்தைப் படித்துவிட்டு வரட்டும், பேசுவோம்.

அடையாறு_ஆலமரம் | வெள்ளி, காலை 11.15

சார், மேனுவல் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதை யார் சொல்வது? 1999-ல் டெப் ரிச்சர்ட்சன் பெண்களுக்காக லினக்ஸ்சிக்ஸ் தொடங்கினார். அந்தக் குழுவுக்கு இருந்த விதிகள் இரண்டே இரண்டு: மரியாதையாக இருங்கள், உதவியாக இருங்கள். இந்த இழையில் இரண்டாவதற்கு ஆள் இருக்கிறது. முதலாவதற்குத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அகரம்_அண்ணாநகர் | வெள்ளி, மதியம் 1.10

யாரும் மொழியைப் பற்றிப் பேசவில்லையே. 12 பேருக்கும் தமிழ் தெரியும், ஆனாலும் மைக் கைக்கு வந்ததும் ஆங்கிலம். புதிதாக வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். என் அம்மாவின் லேப்டாப்பில் திரை முழுவதும் தமிழில் மாற்றி, தமிழ்99 விசைப்பலகையும் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் தட்டச்சு செய்யப் பழகிவிட்டார். முதல் கூட்டத்திலேயே தமிழ்99 சொல்லிக்கொடுங்கள், ஒட்டிக்கொள்வார்கள்.

ஒலிபெயர்ப்பு_ரசிகன் | வெள்ளி, மதியம் 1.18

தமிழ்99-ஆ? புதியவர்களை விரட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. போனில் எல்லோரும் ஆங்கில எழுத்தில் "அம்மா" என்று அடித்துத் தமிழாக மாற்றிப் பழகியவர்கள். அதையே கணினியிலும் கொடுங்கள்.

அகரம்_அண்ணாநகர் | வெள்ளி, மதியம் 1.25

தமிழை எழுத ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டுமா? 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசே ஏற்ற விசைப்பலகை அது. உயிர் எழுத்துகள் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று தானாகப் புள்ளி விழும். ங, க என்று தட்டினால் 'ங்க'. அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது, அவர் எப்படி ஒலிபெயர்ப்பில் அடிப்பார்?

ஒலிபெயர்ப்பு_ரசிகன் | வெள்ளி, மதியம் 1.31

உங்கள் அம்மாவுக்குச் சரி. என் அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழைய தமிழ் தட்டச்சு ஹையர் பாஸ். அவருக்கு இரண்டுமே பிடிக்காது.

தட்டச்சு_தாத்தா | வெள்ளி, மதியம் 1.50

பழைய தட்டச்சு முறையை யாராவது மதித்துப் பேசியதில் மகிழ்ச்சி. இது பற்றி விரிவாக எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, மதியம் 1.52

தாத்தா, தயவுசெய்து வேறு இழையில். விசைப்பலகைச் சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 41 பக்கம் ஓடிவிட்டது.

ஜெராக்ஸ்_அக்கா | வெள்ளி, இரவு 9.40

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மடிப்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி ஒருவர் சொன்னதால் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போனேன். எந்தக் குழு என்று சொல்ல விரும்பவில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான்.

அறிமுகத்தில் ஆளாளுக்குப் பெயரும் கம்பெனியும் சொன்னார்கள். என் முறை வந்ததும் ஒருவர் "நீங்க எந்த கம்பெனி மேடம்" என்றார். "கடை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வியும் வரவில்லை. நேராக அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஒருவர் "எந்த டிஸ்ட்ரோ வேணும்" என்று கேட்டார். அந்த வார்த்தையையே அன்றுதான் கேள்விப்பட்டேன், லினக்ஸில் எந்த வகை என்று கேட்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. எதுவானாலும் சரி என்றேன். அதைக் கேட்டதும் நாலு பேர் ஆளுக்கொரு பெயர் சொல்லி அவர்களுக்குள் வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பையன் உதவிக்கு வந்தான். தங்கமான பையன். என் கையிலிருந்து லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், கருப்புத் திரை ஒன்றைத் திறந்து கடகடவென்று அடித்தான், "முடிஞ்சது மேடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். சோதனைப் பக்கம் பிரிண்ட் வந்தது. கடைக்கு வந்து பார்த்தால், ஆதார் அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஒரே தாளில் எடுப்பது எப்படி என்று தெரியவில்லை. என் கடையில் பாதி வியாபாரமே அதுதான். அவன் என்ன அடித்தான் என்றும் தெரியாது. மறுபடி போய்க் கேட்டால், போன மாதம்தானே செய்து கொடுத்தோம் என்பார்களோ என்று கூச்சம். போகவில்லை.

ஸ்டிக்கர் கொடுத்தார்கள். கல்லாப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

டெர்மினல்_தம்பி | வெள்ளி, இரவு 9.44

அக்கா, பிரிண்டர் மாடல் என்ன? எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு? டெர்மினலைத் திறந்து எல்பிஸ்டாட் என்று அடித்து, வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

ஜெராக்ஸ்_அக்கா | வெள்ளி, இரவு 9.51

தம்பி, இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடையாறு_ஆலமரம் | வெள்ளி, இரவு 10.05

அக்கா, கருப்புத் திரை வேண்டாம். அட்டையின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்து படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். லிப்ரெஆபிஸ் டிரா என்று ஒரு மென்பொருள் இருக்கும், அதைத் திறந்து பக்க அளவை ஏ4 ஆக்குங்கள். இரண்டு படங்களையும் உள்ளே இழுத்துப் போட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, அளவு சரிசெய்து பிரிண்ட் கொடுங்கள். அந்தக் கோப்பைச் சேமித்து வைத்தால் அடுத்த முறை படத்தை மட்டும் மாற்றினால் போதும். முதல் முறை கால் மணி நேரம் ஆகும், அப்புறம் கை தானாகப் போகும். எங்கே நின்றாலும் இங்கேயே கேளுங்கள், பத்து முறை கேட்டாலும் பரவாயில்லை.

கர்னல்_நாட்டாமை | வெள்ளி, இரவு 10.30

இரு படங்களைச் சேர்க்க ஒற்றை வரிக் கட்டளை போதும். டிரா எல்லாம் வீண் சுற்று.

பழைய_மதர்போர்டு | வெள்ளி, இரவு 10.34

இருக்கட்டும் நாட்டாமை. அக்கா கடையில் வரிசை நிற்கிறது.

தரமணி_பெங்குயின் | வெள்ளி, இரவு 11.58

அக்கா, நீங்கள் வந்தது எங்கள் குழு இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் லேப்டாப்பை வாங்கி மடியில் வைத்து அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பதைப் போன மாதம் நான் மூன்று பேருக்குச் செய்தேன். மூன்று பேருமே திரும்பி வரவில்லை. வேகமாகச் செய்தால் அவர்கள் நேரம் மிச்சமாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாளை உரை ஒன்றுதான், அதுவும் கடைசியில். போஸ்டரை மாற்றிவிட்டேன்.

ஜெராக்ஸ்_அக்கா | சனி, மதியம் 12.15

ஆதார் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே தாளில். நன்றி ஆலமரம்.

தரமணி_பெங்குயின் | ஞாயிறு, இரவு 10.20

சுருக்கமாகச் சொல்கிறேன், போனில் சார்ஜ் 4 சதவீதம். புதியவர்கள் 5 பேர் வந்தார்கள். அறிமுகத்தில் கம்பெனி கேட்கவில்லை, எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் கேட்டோம். லேப்டாப்பைத் தொடக் கூடாது என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்ததால் நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்பக் கஷ்டம். ஒரு பென்டிரைவ் தயார் செய்யவே 50 நிமிடம் ஆனது. இரண்டு பேருக்கு இன்ஸ்டால் முடிந்தது. ஒருவர் பிட்லாக்கர் சாவி கொண்டுவரவில்லை, அதனால் எதையும் தொடாமல், வீட்டில் அதை எங்கே பார்ப்பது என்று அவரையே நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னோம். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் டீக்கடை வரைக்கும் வந்தார். அடுத்த மாதம் யார் வருகிறார்கள் என்று

வேளச்சேரி_வாசி | திங்கள், காலை 9.05

நல்லது. அடுத்த மாதம் நானும் வரலாம் என்று பார்க்கிறேன். எந்த இடம் என்று இப்போதாவது சொல்லுங்கள்.

வேளச்சேரி_வாசி | வியாழன், காலை 9.10

யாருக்காவது தெரியுமா?