வேலையில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் மனிதவள மேலாண்மை படிப்பது பற்றி

கேள்வி: ஒரகடம் டைம் ஆபீஸ்

நண்பர்களுக்கு வணக்கம்.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஏழு ஆண்டுகளாக டைம் ஆபீஸ் உதவியாளராக வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம்., வயது 31. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ 600 பேருடைய வருகைப் பதிவு, ஓவர்டைம் கணக்கு, விடுப்புக் கணக்கு, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரங்கள் ஆகியவற்றைத் தயாரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன். ஆனால் மூன்று முறை எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் இடம் காலியானபோதும், முதுநிலைப் படிப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் என் பெயர் பட்டியலுக்கே போகவில்லை. அப்படி வந்து சேர்ந்த இருவருக்கு மஸ்டர் ரோல் (வருகைப் பேரேடு) பார்க்கவும் ஓவர்டைம் கணக்கிடவும் நானே சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. படிக்காமல் காலத்தைக் கடத்திவிட்டேனே என்பதுதான் மனதை உறுத்துகிறது.

வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகும் நிலையில் நான் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன்; வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும், இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். எனவே தொலைநிலைக் கல்வியில் எம்.பி.ஏ. மனிதவள மேலாண்மை படிக்கலாம் என்று நினைக்கிறேன். நிறுவனங்கள் இந்தப் பட்டத்தை மதிக்குமா? இதைப் படித்தால் பின்னாளில் தொழிலாளர் நல அலுவலர் பதவிக்கும் போக முடியுமா? பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்கிறார்கள். கல்லூரியை விட்டுப் பத்து ஆண்டுகளான என்னால் அவற்றைப் படித்துத் தேர்வு எழுத முடியுமா? படித்துக்கொண்டே வேலை பார்த்தவர்கள், தங்களுக்கு உண்மையில் நடந்ததைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோவை பம்ப்செட்

வணக்கம் நண்பரே. நானும் உங்களைப் போலவே டைம் ஆபீஸில் தொடங்கி, தொலைநிலையில் படித்து, இப்போது கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆட்களைத் தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சட்டப்படி பார்த்தால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டத்தை நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையாகவே கருதுகின்றன. இதில் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற சொல்லைத்தான் நீங்கள் உற்றுக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் கல்வியாண்டின் அந்தப் பருவத்தில் அங்கீகாரம் இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் உள்ள பட்டியலில் நீங்களே பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தக் கூடாது என்பதும், தனியாருக்கு உரிமம் கொடுத்து மையம் நடத்தக் கூடாது என்பதும் விதி. 2024 முதல் சேர்க்கைக்கு முன்பாகவே மாணவர் தம் பெயரில், ‘டெப்’ (DEB) எனப்படும் அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அடையாள எண் ஒன்றைப் பெற வேண்டியிருக்கிறது. அதையும் நீங்களே எடுங்கள், இடைத்தரகரிடம் விடாதீர்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னுடன் வேலை பார்த்த ஒருவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு மையத்தில் முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்டினார். ‘ஒரே ஆண்டில் முடித்துத் தருகிறோம்’ என்று சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கையில் கிடைத்த சான்றிதழை எந்த நிறுவனத்தின் சரிபார்ப்பிலும் காட்ட முடியவில்லை. அந்த மனிதர் அதன்பிறகு படிப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவருடைய திறமையை அறிந்தவன் என்பதால் இன்றும் எனக்கு அது வேதனையாகத்தான் இருக்கிறது.

வேலைச் சந்தையில் மதிப்பு எப்படி என்றால், கல்லூரி வளாகத்துக்கே சென்று ஆளெடுக்கும் பெருநிறுவனங்களில் தொலைநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நுழைவது கடினம். ஆனால் உற்பத்தித் துறையில், குறிப்பாக 200 முதல் 1,000 பேர் வரை வேலை செய்யும் தொழிற்சாலைகளில், நாங்கள் தேடுவதே உங்களைப் போன்றவரைத்தான். ஏழு ஆண்டுகள் 600 பேருடைய கணக்கைப் பார்த்தவர், அதோடு முறையான பட்டமும் பெற்றிருந்தால், நேர்முகத்தில் அந்தப் பட்டத்தை எந்த முறையில் படித்தார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

பதில் 2: ஓய்வுபெற்ற நல அலுவலர்

தம்பிக்கு வணக்கம். நல அலுவலர் பதவி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோவதைப் பார்த்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எச்.ஆர். மேலாளர் என்பது நிறுவனம் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் பதவி. அதற்கு யாரை வேண்டுமானாலும் அவர்கள் நியமிக்கலாம். தொழிலாளர் நல அலுவலர் என்பது அப்படியல்ல, அது சட்டம் கேட்கும் பதவி. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அவருடைய கடமைகளையும் கல்வித் தகுதியையும் வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு, இந்த 500 என்ற வரம்பை 250 ஆகக் குறைத்திருக்கிறது. ஆகவே இந்தப் பதவிகள் இனி கூடுவதற்கே வாய்ப்பு இருக்கிறது. உங்களைப் போன்ற இளைஞர்கள் அதற்குத் தயாராக வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆனால் எம்.பி.ஏ.வில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துவிட்டதாலேயே ஒருவர் நல அலுவலர் ஆகிவிட முடியாது. தமிழ்நாட்டில் இந்தப் பதவிக்கென அரசு ஏற்ற சமூக அறிவியல் பட்டமோ பட்டயமோ வேண்டும். தமிழ் தெரிந்திருக்கவும் வேண்டும். எங்கள் காலத்தில் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் பட்டம்) படித்தவர்களும், சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் படித்தவர்களும்தான் இந்தப் பதவிக்கு வந்தார்கள். தொழிலாளர் நலத் துறையின் கீழ் இயங்கும் அந்த நிலையத்தில், தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. தவிர, தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பை மாலை நேரத்திலும், தொழிலாளர் சட்டங்களில் ஒரு பட்டயப் படிப்பை வார இறுதியிலும் ஓராண்டு காலத்துக்கு நடத்துகிறார்கள். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தால் சேரலாம், தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அது தொலைநிலைப் படிப்பு அல்ல, நேரில் போக வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து மாலை வகுப்புக்குச் செல்வது உங்களால் ஆகாத காரியம் என்றாலும், வார இறுதி வகுப்பை எண்ணிப் பாருங்கள். எந்தப் படிப்பில் பணம் கட்டுவதற்கு முன்பும், உங்கள் பகுதியிலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கு நேரில் சென்று, ‘இந்தப் பட்டம் நல அலுவலர் தகுதிக்கு ஏற்கப்படுமா?’ என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் படிக்கப்போகும் பாடநூலில் தொழில் தகராறுகள் சட்டம் 1947, தொழிற்சங்கங்கள் சட்டம் 1926, நிலையாணைகள் சட்டம் 1946 என்று பழைய பெயர்களே இருக்கக்கூடும். இம்மூன்றும் இப்போது, நான் மேலே சொன்ன நான்கில் இன்னொன்றான தொழிலுறவுத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. பழையதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள், அதன் மேல்தான் புதியது நிற்கிறது. ஆனால் எது மாறியது என்பதைப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள். நிலையாணைகள், அதாவது நிறுவனம் எழுத்தில் வகுத்து வைக்க வேண்டிய பணி விதிகள், 100 தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம் என்றிருந்தது 300 ஆகியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்தது, இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்திருக்கிறது. நேர்முகத்தில் இதைத்தான் கேட்பார்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வார்த்தையை நம்பி நிற்கும் தொழிலாளிக்குத் தவறான தகவலைச் சொல்லிவிடக் கூடாது.

பதில் 3: ஓசூர் சகோதரி

சகோதரருக்கு வணக்கம். சட்டமும் தகுதியும் பற்றி ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எப்படிப் படிப்பது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டே, கைக்குழந்தையோடு இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படித்து முடித்தவள் நான்.

இக்னோவில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்புக்கு (வீட்டில் எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்) 30 விழுக்காடு, பருவத் தேர்வுக்கு 70 விழுக்காடு என்று மதிப்பெண் பிரித்திருக்கிறார்கள். ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு நடக்கும். இரண்டு ஆண்டுப் படிப்பை நான்கு ஆண்டுகள் வரை நீட்டித்து முடிக்கலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். முதல் பருவத்தில் எல்லாப் பாடங்களையும் ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நான் தேர்வுக் கட்டணம் கட்டினேன், எழுத முடிந்ததோ இரண்டுதான். குழந்தைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் தணிக்கை, ஒப்படைப்புகளும் அரைகுறை. ஓராண்டு புத்தகத்தைத் தொடவே இல்லை. மறுபடி தொடங்கியபோது ஒரு பருவத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். நீங்களும் முதல் பருவத்தில் இரண்டு அல்லது மூன்று பாடங்களுக்கு மேல் தேர்வு எழுதத் திட்டமிட வேண்டாம்.

ஆங்கிலம் பற்றிய உங்கள் அச்சம் எனக்கும் இருந்தது. நான் செய்தது இதுதான்: ஒரு பாடப் பிரிவைப் படித்ததும், அதன் சாரத்தைத் தமிழில் என் அம்மாவிடம் சொல்வது போல் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தேன். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதையே கேட்டுக்கொண்டு போவேன். பொருள் தமிழில் பிடிபட்ட பிறகு, அதைச் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களில் எழுதுவது அவ்வளவு கடினமாக இல்லை. தேர்வுக்குத் தேவை இலக்கிய ஆங்கிலம் அல்ல, தெளிவுதான்.

பாடத்தை உங்கள் மேசையோடு பொருத்திப் படியுங்கள். குடிநீர், கேன்டீன், சம்பளம், மேற்பார்வை முதலியவை சரியாக இல்லாவிட்டால் மனக்குறை வரும், ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டுமே ஊக்கம் வந்துவிடாது என்கிற ஹெர்ஸ்பெர்க் கோட்பாட்டை நான் மனப்பாடம் செய்யவே இல்லை. எங்கள் கேன்டீனில் சாம்பார் நீர்த்துப்போனதாக எழுந்த புகாரும், அது சரியான பிறகும் இரவு ஷிப்டில் ஆள் வராமல் நின்றதும் எனக்குத் தெரியும். அவற்றையே உதாரணமாக எழுதினேன்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்ல விரும்புகிறேன். உள் விசாரணை பற்றிய பாடத்தில், குற்றச்சாட்டு இன்னது என்று தொழிலாளிக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும், அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும் என்ற இயற்கை நீதி பற்றிப் படித்தேன். அதே வாரத்தில் நான் தட்டச்சு செய்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாங்க வந்தவர் எட்டாம் வகுப்பு வரை படித்த ஆபரேட்டர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, இதில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டார். அதுவரை அப்படி எத்தனையோ தாள்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அன்று மேலாளரிடம் போய்ப் பாடத்தில் படித்ததைச் சொல்லி, தமிழிலும் ஒரு படி தர அனுமதி கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதன்பிறகு எங்கள் பிரிவிலிருந்து போகும் குறிப்பாணைகள் எல்லாம் தமிழ்ப் படியோடுதான் போகின்றன. பட்டம் கிடைத்ததைவிட அந்த ஒரு மாற்றமே எனக்கு நிறைவாக இருந்தது.

கடைசியாக, கையால் எழுதிப் பழகுங்கள். கணினியிலேயே வேலை செய்து பழகிய விரல்களுக்கு, மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுவது பெரிய சோதனை. முதல் தேர்வில் இரண்டாவது மணி நேரத்திலேயே என் கட்டைவிரல் மரத்துப்போய், தெரிந்த விடையைக்கூட முழுமையாக எழுத முடியவில்லை.

கேள்வி கேட்டவர்: ஒரகடம் டைம் ஆபீஸ்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி, பணம் கட்டுவதற்கு முன் நல அலுவலர் தகுதி பற்றி எழுதிக் கேட்கப் போகிறேன். கடிதத்தை இன்று இரவே எழுதிவிடுவேன். குறிப்பாணை பற்றி ஓசூர் சகோதரி எழுதியதைப் படித்தபோது, எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பிடித்தம் பற்றிய அறிவிப்பு இன்றும் ஆங்கிலத்தில்தான் ஒட்டப்படுகிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு சந்தேகம். டிசம்பர் தேர்வுக்கு விடுப்பு கேட்டால் தருவார்களா? படிப்பதைப் பற்றி மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லதா, முடித்த பிறகு சொல்வது நல்லதா?

பதில்: கோவை பம்ப்செட்

முன்பே சொல்லிவிடுங்கள், அதுவும் எழுத்தில். பணியில் இருக்கும்போது படித்த படிப்பு பணிக்கோப்பில் பதிவாகியிருந்தால், பின்னாளில் சான்றிதழ் சரிபார்ப்பில் தேவையற்ற கேள்விகள் வராது. இதற்கெனத் தனித் தேர்வு விடுப்பு தனியார் தொழிற்சாலைகளில் பொதுவாகக் கிடையாது என்பதால், ஈட்டிய விடுப்பில் சில நாட்களை இப்போதிருந்தே தொடாமல் வையுங்கள். தேர்வு அட்டவணை வெளியான அன்றே, அதன் அச்சுப்படியோடு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். தேர்வு நாட்கள் தொடர்ச்சியாக வராமல் பல வாரங்களுக்குப் பரவலாக இருக்கும், எனவே ஒரேயடியாக விடுப்பு கேட்பதைவிடத் தேதி குறிப்பிட்டுக் கேட்டால் மேலாளருக்கும் எளிது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலுத்தும் 15-ஆம் தேதியை ஒட்டித் தேர்வு வந்தால், அந்த வேலையை உங்களுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய ஒருவரை இரண்டு மாதங்கள் முன்னதாகவே பழக்கிவிடுங்கள்.