மறு: பழைய கார்ச் சீரமைப்பு – ‘அசல் அல்லாத பாகம்’ கலைச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம். பழைய காரைச் சீரமைக்கும்போது தென்படும், ஆலையில் மாட்டாத பாகங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ‘போலிப்பாகம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். போலி என்றால் ஏமாற்றும் நோக்கம் உண்டு. காருக்கு மின்சாரம் தரும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் ஆல்டர்னேட்டர் மாட்டியவர் யாரையும் ஏமாற்றவில்லை. இரவில் ஹெட்லைட் மங்காமல் எரிந்தால் சரி என்று நினைத்தார், அவ்வளவுதான். ‘அந்நியப் பாகம்’ மருத்துவ வாடை அடிக்கிறது. ‘அசலல்லாப் பாகம்’ பொருளில் சரிதான், ஆனால் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகக் குழப்புகிறது.

அசல் இருந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருப்பது ஒரு வகை. ஆலையில் எதுவுமே இல்லாத இடத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தது இன்னொரு வகை. இரண்டையும் இனம்காணும் வழியே வேறு.

முதல் வகைக்கு உதிரிபாகப் பட்டியல் கைகொடுக்கும். அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுவதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய பிரிட்டிஷ் கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) உடம்பில் பெரும்பாலும் வாரமும் ஆண்டும் குத்தியிருக்கும். ‘23 64’ என்றால் 1964இன் 23ஆம் வாரம். கார் 1962இல் வெளிவந்தது என்றால் அது ஆலையில் ஏறியதல்ல. போல்ட்டும் காட்டிக்கொடுக்கும். அந்தக் கார்களில் வரும் 5/16 அங்குல யூ.என்.எஃப். (அங்குல அளவு நுண்மரை) போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., மெட்ரிக் அளவான எம்8 போல்ட்டுக்கு 8 மி.மீ. தேய்ந்த போல்ட்டை வெர்னியரில் அளந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காட்டும். மரையின் இடைவெளியை அளக்கும் த்ரெட் கேஜை வைத்தால் குட்டு வெளிப்படும்: முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் 1.25 மி.மீ.க்கு ஒரு மரை.

இரண்டாம் வகைதான் தலைவலி. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, நாலு வயர், பெயரும் இல்லை எண்ணும் இல்லை. பட்டியலைப் புரட்டிப் பயனில்லை. இங்கே துளையைத்தான் படிக்க வேண்டும். பெட்டியைக் கழற்றி, திருகு இறங்கிய துளையின் உள்விளிம்பில் விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே பிரைமரும் பெயின்ட்டும் படிந்திருந்தால் ஆலைத் துளையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் இரும்பில் துரு, பின்பக்கம் டிரில் விட்ட பிசிறு என்றால் பெயின்ட்டுக்குப் பிறகு யாரோ போட்டது. (மறுபடி பெயின்ட் அடித்த வண்டியில் பிசிறை மட்டும் பாருங்கள்.) அதன் பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஏடு பதிப்பித்தவர்கள் இந்த வேறுபாட்டை அன்றே பிரித்துவிட்டார்கள். பாடபேதம் (ஒரு சொல்லின் இடத்தில் வேறு சொல்) வேறு, இடைச்செருகல் (பிற்பாடு புதிதாக நுழைந்தது) வேறு. அதே தடத்தில் முதல் வகைக்கு மாற்றுப்பாகம், இரண்டாம் வகைக்குச் செருகுபாகம் என்று முன்மொழிகிறேன்.

*

> செருகுபாகம்

ஐயா, பிரிவினை அருமை, சொல் இடறுகிறது. கணினித் தமிழில் ‘செருகுநிரல்’ (plugin) வேரூன்றிவிட்டது. செருகுபாகம் என்றால் சாக்கெட்டில் செருகி எடுக்கும் பாகம் என்றே படிப்பார்கள். பதிப்பாசிரியர்கள் மூலத்துக்கு மேற்பட்டு வந்த பாடல்களை மிகைப்பாடல் என்று தனியே அச்சிட்டார்களே, அதிலிருந்து ‘மிகைப்பாகம்’ எடுக்கலாமா?

இன்னொரு சிக்கல். அந்த 1964 டிஸ்ட்ரிபியூட்டரின் மாடலும் பாக எண்ணும் பட்டியலில் உள்ளதேதான் என்று வையுங்கள். தேதி மட்டும் பிந்தியது. அதையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெயரில் அழைத்தால் வண்டி வைத்திருப்பவர் சண்டைக்கு வருவார்.

*

மிகைப்பாகம் சரி, என் செருகுபாகத்தைக் கைவிடுகிறேன். மிகை என்றதும் ‘வேண்டாதது’ என்று சிலர் முகம் சுளிக்கலாம். பழைய வண்டியில் பிற்பாடு மாட்டிய இண்டிகேட்டர் வேண்டாததா என்ன? மூலத்துக்கு மேற்பட்டது என்ற அளவில் விளக்கம் எழுதிவிடுவோம்.

எண் அதே, தேதி வேறு என்பதற்கு ‘நிகர்ப்பாகம்’. மாற்றுப்பாகத்தோடு சேர்க்க வேண்டாம்.

ஊர்பேர் தெரியாதவற்றுக்குத் தனிச்சொல் எதற்கு? ‘இனமறியா’ என்ற அடைமொழி போதும். அந்தக் கறுப்புப் பெட்டி இப்போதைக்கு இனமறியா மிகைப்பாகம். வயர் போய்ச் சேரும் இடம் தெரிந்ததும் அடைமொழியை எடுத்துவிடலாம்.