பத்திரிகைகளைப் பகடி செய்யும் கதைகள் தமிழில் உண்டா?

தங்கச்சிமடத்தில் சிலர் சேர்ந்து புத்தகம் படித்துப் பேசுகிறோம். இப்போது ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் வாஹ் 1938இல் எழுதிய ‘ஸ்கூப்’ நாவல். செடி, பறவை என்று பத்தி எழுதிக்கொண்டிருந்தவரை ஆள் மாறிப்போய் ஆப்பிரிக்கப் போர்ச் செய்திக்கு அனுப்பிவிடுகிறது ஒரு லண்டன் நாளிதழ். வாஹ் 1935இல் அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) நிருபராகப் போனவர்; அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை.

எங்கள் பிள்ளைகள் இதைப் படித்தே ஆகவேண்டும். இங்கே படகு பிடிபட்டால் வெளியூர் கேமரா வந்துவிடும். அழுகிற அம்மாவிடம் மகன் படத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். பையன் பெயரைக் கேட்காமலே கிளம்பிவிடுவார்கள்.

இதுபோல, குறிப்பாக வெளிநாட்டுச் செய்தி எழுதுபவர்களைப் பகடி செய்யும் தமிழ் நாவல், சிறுகதை தெரிந்தால் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பானாலும் சரி. ராமநாதபுரம் பக்கம் யாரிடமாவது பிரதி இருந்தால் இரவல் தாருங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம்.