கோஆக்ஸ் கேபிளில் பிஎல்-259 கனெக்டர் சாலிடர் செய்ய உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். அமெச்சூர் ரேடியோவில் பேச ஜன்னலோர ஆன்டெனா போதவில்லை என்பதால், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வைத்துப் பேச 20 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (இரு கை கம்பி ஆன்டெனா) ஒன்று கட்டியிருக்கிறேன். அதற்கு ஆர்ஜி-213 என்ற தடித்த கோஆக்ஸ் கேபிள் வாங்கினேன், அதன் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டர்களைச் சிம் லிம் டவரில் எடுத்தேன்.

நடுக்கம்பி நன்றாகவே ஒட்டுகிறது. சிக்கல் வெளிப்பின்னலில்தான். கனெக்டர் உடம்பில் இருக்கும் நான்கு துளைகள் வழியாகச் சாலிடரை விட்டால், அது உள்ளே பாயாமல் மேலேயே உருண்டு நிற்கிறது. என்னிடம் இருப்பது 40 வாட் அயர்ன். சூடு போதவில்லை என்று அதிக நேரம் அழுத்திப் பிடித்தேன். உள்ளிருந்த வெள்ளை பாலிஎதிலீன் காப்பு இளகி, நடுக்கம்பி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மல்டிமீட்டரை வைத்ததும் பீப், அதாவது நடுக்கம்பியும் பின்னலும் ஷார்ட். இரண்டு கனெக்டர் வீண், மனசே கேட்கவில்லை.

துளைகளைச் சுற்றி நிக்கல் பூச்சை அரத்தால் தேய்த்தால் சாலிடர் பிடிக்கும் என்று தெரியும், அடுத்த முறை அதைச் செய்வேன். ஆனால் அயர்ன்? 100 வாட், அகலமான முனை போதுமா? இல்லை, சாலிடரை விட்டுவிட்டுக் கிரிம்ப் (கருவியால் நசுக்கிப் பொருத்தும்) வகைக்கே போய்விடலாமா? நம்ம ஊர் ஈரக்காற்றில் கிரிம்ப் எத்தனை வருஷம் தாங்கியது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், ஆர்ஜி-213க்குப் பொருந்தும் கிரிம்ப் கருவி யாரிடமாவது இருந்தால், கேபிளோடு நானே வந்துவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்தால் போதும்.